பென்சிலில் சுற்றிய உப்புத்தாள்

கொரோனாவுக்கு முந்தின வருஷம், எங்கள் சபையின் அசனப் பண்டிகைச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது தங்கபுஷ்பம் அக்கா இதை எனக்குச் சொன்னார்கள். எல்லார் கண்ணிலும் ஏற்கெனவே தண்ணீர் இருந்ததால் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்காவின் மகள் ஜெபக்கனி வெட்டூர்ணிமடத்தில் வீட்டு முன்னறையில் கித்தார் பழுது பார்ப்பவள். ஞாயிறு பள்ளியும் நடத்துவதால் ஊரில் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். வயது முப்பத்தைந்து. அவளிடம் சிஷ்யனாக வந்து சேர்ந்த சாமிதாஸ் அண்ணாச்சிக்கு அறுபது. பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

முதல் நாள் அவர் படுக்கை விரிப்பில் சுற்றி ஒரு எலக்ட்ரிக் கித்தாரைக் கொண்டுவந்தார். கூடவே ஒரு பவுடர் டப்பா. டப்பாவுக்குள் தந்தியை முறுக்குகிற பழைய கீ ஆறும், அவற்றின் குட்டி ஸ்க்ரூ பன்னிரண்டும் இருந்தன.

அது அவருடைய மகன் ஜெனிஷின் கித்தார். கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரிடம் கேட்டு, மகன் சபையில் திடப்படுத்தல் பெற்ற நாளுக்கு அவரே வாங்கிக் கொடுத்தது. பழைய காலத்துச் சாமான். ஒரு கிறிஸ்மஸ் ஆராதனையில் பாட்டு நடுவில் சுருதி இறங்கிவிட்டது. பழைய கீ பிடிமானம் விட்டுப்போச்சு, புதுசு போட வேண்டும் என்று ஜெனிஷ் சொன்னான். புதிய கீக்கு மரத்தில் ஓட்டையைப் பெரிசாக்க வேண்டும். ஒரிஜினல் சாமானில் கைவைக்கக் கூடாது என்று சொல்லி இவர் டூல்ஸ் பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

லெந்து நோன்பு நாட்களில் பார்த்தால் கித்தாரில் புதிய கீ இருக்கிறது. எவனிடமோ டிரில்லை இரவல் வாங்கி அரைமணி நேரத்தில் மரத்தைக் குடைந்துவிட்டான் என்று நினைத்தார்.

“நல்ல மரத்தைக் கெடுத்துட்டியே லே. ஒனக்குப் பொறுமைன்னு ஒண்ணு உண்டா?”

அவன் கித்தாரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். உயிர்த்தெழுந்த பண்டிகை முடிந்ததும் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். பதினாலாம் மாசம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். கித்தாரும், அவன் பத்திரமாக வைத்திருந்த அந்த டப்பாவும் வீட்டுக்கு வந்தன.

இதையெல்லாம் அண்ணாச்சி நின்றுகொண்டே சொன்னாராம். பெரிசாக்கின ஓட்டையில் வளையம் வைத்து அடைக்க வேண்டும், பழைய கீயைப் போட வேண்டும், தான் வாங்கிக் கொடுத்தபடி கித்தார் இருக்க வேண்டும். அதைப் பார்த்தால்தான் தன்னால் கண்ணை மூட முடியும் என்றார்.

டீச்சர் ஒரு கீயைக் கழற்றினாள். கித்தாரின் தலையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தாள். மறுபடியும் கீயை மாட்டிவிட்டாள்.

“நான் போட்டுத் தரவா?”

“இல்லை டீச்சர். என் கையாலதான் போடணும்.”

“அப்போ படிக்கணும் அண்ணாச்சி.”

உடைந்துபோன ஒரு கித்தாரின் தலைப்பகுதியை அவரிடம் கொடுத்தாள். அதில் சிறிதாக ஆறு ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் புதிய கீ இறுக்கமாக நுழையும் அளவுக்குப் பெரிசாக்கச் சொன்னாள்.

அடைக்கக் கற்றுக்கொள்ள வந்தவரிடம் பெரிசாக்கச் சொல்கிறாளே என்று அவருக்குக் கோபம். ஆனாலும் மறுநாள் டெப்போக்காரர் மிடுக்கோடு தன்னுடைய டிரில்லை எடுத்து வந்தார். முதல் ஓட்டையில் வைத்து அமுக்கியதுமே சுற்றியிருந்த பழைய பெயின்ட் நகம் அகலத்துக்குப் பெயர்ந்து தெறித்தது.

“இது பஸ் இல்லை அண்ணாச்சி,” என்றாள். “பெயர்ந்தா பெயர்ந்ததுதான். பாடி கட்ட முடியாது.”

வேறொரு மரத்தலையும், ஒரு பென்சிலும், உப்புத்தாளும் கொடுத்தாள். உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றி ஓட்டைக்குள் விட்டுத் திருப்ப வேண்டும். கொஞ்சம் திருப்பி, ஊதி, கீயை வைத்துப் பார்த்து, மறுபடி திருப்ப வேண்டும்.

சுவரில் இதற்கென்றே ஒரு கருவி தொங்குவதை அவர் காட்டினார். அது ரெண்டாவது பாடம் என்றுவிட்டாள்.

முதல் ஓட்டை முடிய இரண்டு நாள் ஆனது. முடிந்தபின் பார்த்தால் முட்டை மாதிரி கோணியிருந்தது. டீச்சர் அடுத்த ஓட்டையைக் காட்டினாள். இரண்டாவதும் கோணல்தான். மூன்றாவதில் கை படிந்தது. ஒன்பதாம் நாள் ஆறாவது ஓட்டை காசு அச்சு மாதிரி வட்டமாக வந்தது. அதற்குள் அவர் விரல்நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. மீன் குழம்பில் கை வைத்தால் எரிகிறது என்று அவர் வீட்டில் சொல்ல, அவருடைய மனைவி ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்து தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்களாம்.

பத்தாம் நாள் டீச்சர் ஜெனிஷின் கித்தாரை மேசைமேல் வைத்தாள். பித்தளை வளையம் ஆறையும் பக்கத்தில் வைத்தாள்.

“கழற்றுங்க அண்ணாச்சி.”

அவர் புதிய கீ ஆறையும் கழற்றினார். தலையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

முதல் ஓட்டை முட்டை மாதிரி கோணியிருந்தது. இரண்டாவது கொஞ்சம். மூன்றாவதில் கோணல் தெரியவில்லை. ஆறாவது வட்டமாக இருந்தது. ஆறு ஓட்டையைச் சுற்றியும் பெயின்ட் ஒரு இணுக்குக்கூடப் பெயரவில்லை. உள்ளே மரத்தில் மெல்லிசாக, சுற்றிச் சுற்றி, தாள் தேய்த்த கோடு.

தான் தேய்த்த மரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு இதில் விரலை விட்டார், அதில் விரலை விட்டார். டீச்சர் தலை நிமிராமல் வேறொரு கித்தாருக்குத் தந்தி கட்டிக்கொண்டிருந்தாள்.

“டிரில் போட்டது இல்லையே டீச்சர்.”

“இல்லை.”

“நீங்க மொதல் நாளே பாத்தீங்க.”

“பாத்தேன் அண்ணாச்சி.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். உரிந்த விரல்நுனியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“அந்த லெந்துல ஒரு வாரம் ஸ்பூன் வச்சு சாப்பிட்டான். தொரை ஆயிட்டியா லேன்னு கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டான்.”

டீச்சரின் கை நின்றது.

அவர் வளையத்தில் ஒன்றை எடுத்தார். முதல் ஓட்டையின் மேல் வைத்துப் பார்த்தார். வட்ட வளையம், கோணிய ஓட்டையில் ஒரு பக்கம் இடைவெளி விட்டு நின்றது. அதை எடுத்துவிட்டுக் கேட்டார்.

“இப்படிச் செய்யணும்னு அவனுக்கு யாரு டீச்சர் சொல்லிக் குடுத்திருப்பா?”

டீச்சர் எழுந்து வந்தாள். அந்த முதல் ஓட்டையில் இருந்த தூசியை மெதுவாக ஊதினாள்.

“யாரும் சொல்லிக் குடுக்கலை அண்ணாச்சி. அதான் மொத ஓட்டை கோணியிருக்கு.”

சாமிதாஸ் அண்ணாச்சி வளையம் ஆறையும் அவள் பக்கம் தள்ளி வைத்தார். மகன் போட்ட கீயை ஒவ்வொன்றாக அந்தந்த ஓட்டையில் திரும்ப மாட்டினார். மாட்டி முடிக்கச் சாயங்கால மணி அடித்துவிட்டதாம்.

அந்தக் கித்தார் இப்போது எங்கள் சபையில் இருக்கிறது. பழைய கீயின் ஸ்க்ரூ இருந்த பன்னிரண்டு குட்டி ஓட்டைகளும் தலைக்குப் பின்னால் திறந்தே இருக்கும். நீங்கள் வந்தால் எடுத்துப் பாருங்கள். மெழுகு வைத்து அடைத்துத் தரட்டுமா என்று மட்டும் சாமிதாஸ் அண்ணாச்சியிடம் கேட்டுவிடாதீர்கள்.