சுண்ணாம்புக்குள் போன தண்ணீர்

பாதி ஆயுளைக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் சூளையில் கழித்துவிட்டு, ஐம்பது வயதில் மடத்துக்கு வந்து சேர்ந்தவர் காத்தமுத்து. குரு தேனம்மை அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். காத்தமுத்து மீனை விட்டார், சுருட்டை விட்டார், தூக்கத்தைக்கூடக் குறைத்துக்கொண்டார். கோபத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்.

அன்று மடத்துச் சுவருக்குப் பூச அவர் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் வாசலில் காத்திருப்பதைத் தேனம்மை வந்து சொன்னதும், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“துரத்துங்கம்மா அவனை!”

“உங்களைப் பார்க்காமப் போகமாட்டாராம். காலையிலேருந்து வெயில்ல உட்கார்ந்திருக்கார்.”

“உட்காரட்டும்! எங்க ஆத்தாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் கடைசி மகன் நான். சாவைச் சொல்லி அனுப்பாம அவனே வச்சுட்டான். நான் போய்ச் சேர்ந்தப்போ சாம்பல்தான் கிடந்துச்சு. பதினோரு வருசமாச்சு. அவனுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை!”

சொன்ன வேகத்தில் குடத்துத் தண்ணீரைத் தொட்டியில் கிடந்த சுட்ட கிளிஞ்சல்மேல் கவிழ்த்தார். கோபத்திலும் கை அளவு தப்பவில்லை. தொட்டி சீறியது. கிளிஞ்சல்கள் படபடவென்று வெடித்து, ஆவி பறக்கக் கொதித்து, வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன.

சூடு ஆறும்வரை தேனம்மை அங்கேயே நின்றார். அவ்வளவு நேரமும் காத்தமுத்து அண்ணனைத் திட்டினார். சாகும்போது ஆத்தா தன் பேரைத்தான் சொன்னாளாம், அதைக்கூட மூன்றாம் மனுசன் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று என்று கத்தினார்.

தேனம்மை பொடியை ஓர் இலையில் அள்ளிப் பார்த்தார்.

“ஈரமே இல்லையே. ஊத்தின தண்ணி எங்கே?”

“ஆவியாப் போனது போக மிச்சம் பொடிக்குள்ளதான் இருக்கு.”

“வெயில்ல காயவச்சா வந்துடுமா?”

தொழில் தெரியாத கேள்வி அவருக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. “மணல்ல ஊத்தின தண்ணின்னா காய்ஞ்சாப் போயிரும்மா. இது கலந்து கிடக்கலை, சேர்ந்திருச்சு. இப்போ தண்ணியும் இல்லை, சுட்ட கிளிஞ்சலும் இல்லை. வேற பொருள்.”

“பிரிக்கவே முடியாதா?”

“ஏன் முடியாது? மறுபடி சூளையில போடணும். சேரும்போது எவ்வளவு சூட்டை விட்டுச்சோ, அவ்வளவையும் திருப்பிக் குடுத்தாத்தான் விடும். சும்மா அனல் காட்டினாப் போதாது. செவக்கச் செவக்க எரிக்கணும்.”

“எரிச்சாக் கட்டாயம் பிரிஞ்சிடுமா?”

“பிரியாம? எத்தனை சூளை பார்த்தவன் நான்!”

தேனம்மைக்கும் இப்போது கோபம் வந்திருந்தது.

“பதினோரு வருசமா அந்த உறவைக் கோபத்துல எரிச்சிருக்கீங்க. பிரிஞ்சிடுச்சா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரை இப்பவே அனுப்பிடறேன்.”

காத்தமுத்து வாயைத் திறந்தார். அந்த ஒரு வார்த்தை வரவில்லை.