நடுப்பாய் யாருக்கு?

ஒருமுறைதான் சொல்வேன், கவனமாகக் கேளுங்கள். பதில் கடைசியில் இருக்கிறது. முதலில் அங்கே ஓடாதீர்கள்.

இரட்சணியபுரத்தில் அறுபது வீடுகள். எல்லாம் ஒரே சபை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சங்கிலி ஜெபம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மணிக்கு ஐந்து பேராக, ஆள் மாறி ஆள் கோவிலில் ஜெபிப்பார்கள். அன்றைய ஜெபம் முழுவதும் ஒரே வீட்டுக்காக. எந்த வீடு என்பதைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஒருமுறை வந்த வீடு மறுபடி வர ஐந்து வருஷம் ஆகும்.

கடைசிக் கால்மணி நேரத்துக்கு ஊரே கூடும். கோவில் நடுவில் ஒரு பாய் விரிப்பார்கள். அந்த வீட்டில் விசுவாசமுள்ள ஒருவர், ஒரே ஒருவர், அதில் முழங்காலிட்டு வேண்டியதைத் தன் வாயால் கேட்க வேண்டும். சுற்றி நிற்பவர்கள் அவர்மேல் கை வைத்து ஆமென் சொல்வார்கள். இது ஊர்க் கட்டு.

போன மாதம் தேவகடாட்சத்தின் வீட்டுக்கு விழுந்தது.

அவருக்கு ஒரே மகன், ஆசீர். மங்களூரில் மீன்பிடிப் படகில் வேலை. ஒருநாள் ஊருக்கு வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு பஸ் ஏறினான். வந்து சேரவில்லை. ஐந்து வருஷம் ஆகிவிட்டது. போலீசும் தேடி அலுத்துவிட்டது. அந்த வீட்டில் மூன்று பேர், மூன்று பேரும் ஓய்ந்துபோனவர்கள்.

தேவகடாட்சம் மகனுக்காக ஒரே ஒருமுறைதான் ஜெபித்தார். காணாமல் போன அன்று. அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. "ஒரு தடவை கேட்டாச்சு. திருப்பித் திருப்பிக் கேட்டா அவரை நம்பலைன்னுதானே அர்த்தம்?" என்பார். ஆலயத்துக்கு ஒழுங்காக வருவார். போன கிறிஸ்துமஸுக்கு மகனுடைய சட்டைகளை அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார். மகன் படுத்த அறையில் இப்போது ஆடு கட்டுகிறார்.

அவர் மனைவி ஞானப்பூ வாராவாரம் வெள்ளிக்கிழமை ஜெபக்குறிப்பு எழுதிப் பெட்டியில் போடுவாள். ஒரு வாரம் தவறியதில்லை. காய்ச்சலோடும் வந்து போட்டிருக்கிறாள். முதல் வருஷம் எழுதியது, "என் மகன் வீட்டுக்கு வர வேண்டும்." மூன்றாம் வருஷம், "ஒரு போனாவது வர வேண்டும்." இப்போது, "எங்கே இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும்." ஏன் இப்படி என்று கேட்டால், "அவரையும் ரொம்பக் கஷ்டப்படுத்தக் கூடாதுல்லா?" என்பாள்.

மூன்றாவது, மருமகள் எப்சிபா. தையல் வேலை. இரண்டு இடத்திலிருந்து மறுமணத்துக்குக் கேட்டு வந்தார்கள். "எனக்குப் புருஷன் இருக்கார்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஜெபக்குறிப்பு எழுத மாட்டாள். "எழுதிக் கொடுத்துக் கேக்க அவர் என்ன தாசில்தாரா?" மத்தியானம் மெஷினை மூடிவிட்டுக் கோவிலுக்கு வருவாள். ஆளில்லாத நேரம். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடாமல், சத்தமாகவே பேசுவாள். "நீர் செய்யறது நல்லா இல்ல. என்னதான் நினைச்சுக்கிட்டிருக்கீர்? முதல் நாள் கேட்டதைத்தான் இன்னைக்கும் கேக்கேன். இன்னும் எத்தனை நாள்? சொல்லும்." கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பெண்கள் சங்கத்தில் அவளுக்காகத் தனியாக ஜெபித்தார்கள், அவளுக்கு நல்ல புத்தி வர.

சனிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால். பாய் விரித்தாயிற்று. காலையிலிருந்து நின்ற உபதேசியார் மாசிலாமணிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"வீட்டிலிருந்து யார் வாறீங்க?"

"நான்தான். இதுல என்ன கேள்வி?" என்றார் தேவகடாட்சம்.

"ஏங்க, வாரம் தவறாம கேட்டவ நானு" என்றாள் ஞானப்பூ.

"ஏட்டி, சும்மா இரு."

உபதேசியார் மருமகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

"நான்தான் வருவேன். ஆனா முழங்கால் போட மாட்டேன். உட்கார்ந்துதான் கேப்பேன். காலு ஓஞ்சு போச்சு."

கூட்டம் சலசலத்தது.

"முழங்காலிடாம அந்தப் பாயில இடம் கிடையாதே, தாயி."

"முழங்கால் போட்டாத்தான் அவர் காதுல விழும்னா, இத்தனை வருஷம் நான் யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன்?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "உபதேசியாரே, மணியாகுது. பாய் பெருசுதானே, மூணு பேரையும் உட்கார வையும்!"

"வே, வாயை மூடும்." உபதேசியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆறு மணிக்கு மணி அடித்தால் முடிந்தது. அப்புறம் ஐந்து வருஷம்.

அதிகம் பேசாத தகப்பன், அலுக்காத தாய், மரியாதை தெரியாத மருமகள். இந்த மூவரில் விசுவாசத்தோடு தேவனிடம் வந்தவர் யார்? பாய் யாருக்கு?

*

விடை: எப்சிபாவுக்கு. தகப்பன் என்று சொன்னவர்கள் ஆட்டை மறந்துவிட்டீர்கள். அவர் கேட்காமல் இருந்தது நம்பிக்கையால் அல்ல. இல்லை என்று பதில் வந்துவிடுமோ என்ற பயத்தால். தாய் விடாமல் கேட்டாள், சரி. ஆனால் வருஷத்துக்கு வருஷம் கேட்பதைச் சின்னதாக்கிக்கொண்டே வந்தாள். கொடுக்கிறவர் கையில் அவ்வளவுதான் இருக்கும் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். மருமகள் ஒருத்திதான் முதலில் கேட்டதையே கடைசிவரை கேட்டாள், முகத்துக்கு நேராக. உள்ளே ஆளில்லை என்று நினைப்பவள் வாசலில் நின்று சண்டை போடுவாளா? மரியாதைக் குறைவு என்கிறீர்கள். பிள்ளைகள் தகப்பனிடம் அப்படித்தான் பேசும். உபதேசியாரும் ஊர்க் கட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவளைத்தான் அனுப்பினார். சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அவரைக் கூட்டிட்டு வாரும்" என்றாள். அவ்வளவுதான் ஜெபம். முதலில் கை வைத்தது மாமியார். ஆசீர் வந்தானா என்று கேட்பீர்கள். இன்றுவரை இல்லை. நான் கேட்ட கேள்வி அது அல்ல.