குறுக்கே போன ரெண்டு கோடு

கோயம்புத்தூரில் நடந்த கூத்து இது. பெயர்பெற்ற ஓவியர் அமுதனின் அச்சுப் படங்களும் கணினிப் படங்களும் கண்காட்சிக்கு வந்திருந்தன. திறந்துவைக்க வந்த மில் முதலாளி தண்டபாணி, கத்தரிக்கோலைப் பிடித்தபடி முறைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரே படத்துல அம்பது பிரதி. நகலுக்கா நான் ரிப்பன் வெட்டணும்? அசலைக் கொண்டாங்க, அப்புறம் வெட்டறேன்."

இருபது வருஷமாக ஓவியரின் அச்சு இயந்திரத்தை ஓட்டுகிற அங்காத்தாள் உள்ளே போனாள். அந்தப் பிரதிகளை அச்சடித்த, படம் செதுக்கிய செப்புத் தகட்டை எடுத்துவந்து நீட்டினாள்.

தண்டபாணி அதைக் கேமராக்களுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். "இதுதான் அசல். குறுக்கே போகுதே ரெண்டு கோடு, அது மேதையோட கை. செவுத்துல இருக்கிற நகல் ஒண்ணுலயாவது இது இருக்குதா?"

"இருக்காதுங்க," என்றாள் அங்காத்தாள். "அம்பதாவது பிரதி எடுத்ததும், இனி ஒண்ணுகூட யாரும் அடிக்கக் கூடாதுன்னு தகட்டைக் கீறிப்போடறது எங்க வழக்கமுங்க. அந்த ரெண்டு கோடும் நான் ஆணியால கீறினதுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஓவியர் முதலாளியிடமிருந்து கத்தரிக்கோலை மெல்ல வாங்கி, மேதையின் கையில் கொடுத்தார்.