வடக்கே கிளம்பிய வெயில்

ஓர் ஊரில் ஒரு ஜன்னல் இருந்தது. கடலோரப் பட்டணம் அது. ஊர் பெரியது, ஜன்னல் சின்னது. மூன்று மாடிக் குடியிருப்பின் உச்சியில், ஒற்றை அறை வீட்டில், இருக்கிற ஒரே ஜன்னல் வடக்குப் பார்த்து இருந்தது. கட்டியவன் எதை நினைத்து அந்தப் பக்கம் வைத்தானோ, அவனுக்கே வெளிச்சம்.

அந்த அறையில் இன்னும் இரண்டு வாயாடிகள் உண்டு. ஒன்று, சுவரில் தொங்கிய தினசரி காலண்டர். நல்ல நேரம், கெட்ட நேரம், சூலம், பரிகாரம் எல்லாம் அதற்கு அத்துப்படி. அந்த மிதப்பும் அதற்கு இருந்தது. இன்னொன்று, சுவருக்குள்ளேயே குடியிருந்த ஈரம். கடல்காற்றையும் ஐப்பசி மழையையும் குடித்து வளர்ந்த உடம்பு. மூன்றும் நாள் முழுக்கப் பேசும். மனிதர் காதில் ஒரு வார்த்தை விழாது. காலண்டர் சொல்வது மட்டும், யாராவது வாசித்தால் கேட்கும்.

வீட்டில் இருந்த மனிதர்கள் இரண்டே பேர். ஜெயவேலு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், ஆள் நல்ல கனம். ஐம்பத்து நாலு வயதில், ஐப்பசி மாதத்துக் காலை ஒன்றில், பல் விளக்கப் போன இடத்தில் அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. அவர் மனைவி லோகாம்பாள் இட்லிக் கடைகளுக்கு மாவு அரைத்துக் கொடுப்பவள். ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி சொல்லித் தருகிற பெண், வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு விஷயம் சொன்னாள். செத்த கையை ஒரு நாளைக்கு நூறு தடவை மடக்கி நீட்ட வேண்டும். காலையில் கொஞ்ச நேரம் வெயிலில் இருக்க வேண்டும்.

முதல் விஷயம் சரி. இரண்டாவதற்கு எங்கே போவது? மாடிப்படியோ ஒருத்தர் இறங்கினால் இன்னொருத்தர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டிய படி. அவரைத் தூக்க நாலு ஆள் வேண்டும். மார்கழியில் அதே மாடியின் எதிர் வரிசை வீடுகளில் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து, விரித்த பாயில் சொகுசாகப் படுத்துக் கிடந்தது.

"எதிர் வூட்ல இட்டுனு போய்க் குந்த வெக்கட்டாயா?" என்று லோகாம்பாள் கேட்டாள்.

"வயசுப் பொண்ணுங்க கீற வூடு. நான் போய் வாயக் கோணிக்கினு குந்தறதா? வோணாம்மே. வந்தா வெயிலு நம்ம வூட்டுக்கு வரட்டும்."

ஜன்னலுக்கு உடம்பெல்லாம் கூசியது. "என் வழியாத்தான் வரணும்னு சொல்றாரு. என்னால முடியலியே," என்றது.

"விடு. நான் இருக்கேன்ல அவருக்குத் துணையா," என்றது ஈரம். அது எப்போதும் அப்படித்தான் பேசும். கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரில் அன்றைக்கு அது இன்னொரு சாண் ஏறியிருந்தது.

தை பிறந்தது. பொங்கலன்று காலையில் லோகாம்பாள் காலண்டரில் தாளைக் கிழித்தாள். புதுத் தாளில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "உத்த...ராயண புண்ணிய காலம். ஆரம்பம். உத்தராயணம்னா இன்னாயா?"

ஜெயவேலு தலையைத் தூக்கினார். "உத்தரம்னா வடக்குமே. ஹார்பர்ல ஒரு பூசாரி சொல்லிக் கீறான். சூரியன் வடக்கால வந்துட்ச்சின்னு அர்த்தம்."

"வடக்குன்னா?"

"நம்ம ஜன்னல் பக்கந்தான், வேற எந்தப் பக்கம்!"

அடேயப்பா, அந்த அறை அப்படி ஒரு சந்தோஷத்தை அதுவரைக்கும் பார்த்ததில்லை. லோகாம்பாள் பொங்கல் பானையை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலை இழுத்து ஜன்னலோரம் போட்டாள். அவர் சவரம் செய்துகொள்ள வேண்டும் என்றார். செய்துவிட்டாள். வெள்ளை வேட்டி கட்டிவிட்டாள். அவர் வலது கையால் இடது கையைத் தூக்கி, ஜன்னல் கட்டைமேல் விருந்தாளிக்கு மணை போடுவதுபோல் வைத்தார்.

பகல் போனது. வெயில் வரவில்லை. ஆனாலும் அவர் முகம் வாடவில்லை. "மொத நாளு, வர்ற வழில நாலு எடம் பாத்துனுதானே வரும்," என்றார்.

நம்பிக்கை வந்த மனிதனைப் பிடிக்க முடியுமா? நூறு தடவை மடக்கச் சொன்ன கையை நூற்றைம்பது தடவை மடக்கினார். தை எட்டாம் தேதி, இடது கை மோதிர விரல் தானாக ஒரு துடி துடித்தது. லோகாம்பாள் மாவுக் கையோடு ஓடிவந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வெயில் பட்டா மீதி விரலும் வந்துரும் பாரு," என்றார் ஜெயவேலு. அவருடைய கணக்கு அதுதான். பயிற்சி பாதி, வெயில் பாதி. ஒன்று வந்தால்தான் மற்றது நிற்கும்.

தை முடிந்தது. மாசி வந்தது. எதிர் வரிசையில் பாயில் கிடந்த வெயில்கூட எழுந்து ஜன்னல் கட்டைக்குப் போய்விட்டது. இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

ஜன்னலுக்குப் பொறுக்கவில்லை. காலண்டரைப் பார்த்துக் கத்தியது. "வடக்கே வந்துடுச்சின்னு சிவப்புல போட்டியே, எங்க அது?"

"வந்துடுச்சின்னு எவன் போட்டான்?" என்றது காலண்டர் அலட்டிக்கொள்ளாமல். "அயனம்னா பயணம். வடக்குப் பக்கமாத் திரும்பிக் கிளம்பியிருக்குன்னு அர்த்தம். கிளம்பின இடம் தென்கோடி. அது பாதி வழி வரவே பங்குனி ஆகும். உன் கம்பிக்குள்ள நல்லா நுழையணும்னா வைகாசி, ஆனி."

"அடப் பாவி! அவங்களுக்கு அது தெரியுமா?"

"இந்த ஊர்க்காரங்களுக்கா தெரியாது? வாயில பிரஷ்ஷ வெச்சிக்கினே, 'தோ, வந்துனே கீறேன்'னு போன்ல சொல்றவங்க. கிளம்பறதுக்கும் வர்றதுக்கும் வித்தியாசம் இவங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

"பக்கத்துல சின்ன எழுத்துலயாவது போட்டிருக்கலாமே!"

"எடமில்ல. ராகு காலம் போடணும், எமகண்டம் போடணும்," என்றது காலண்டர்.

ஈரம் சிரித்தது. "நான் ஒரு நாளும் வர்றேன்னு சொன்னதில்ல பாத்தியா? வந்துட்டுத்தான் சொல்லுவேன்."

பங்குனியில் ஜெயவேலுவின் எண்ணிக்கை நூறுக்கு இறங்கியது. அப்புறம் அறுபது. அப்புறம் இருபது. ஊரெல்லாம் வெயில் கொளுத்துகிறது என்று படியேறி வருகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மாவு வாங்க வந்தவன் முந்தானை கேட்டு முகம் துடைக்காத குறையாக வியர்வையை வழித்து எறிந்தான். அவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஜன்னல் கட்டைமேல் கிடந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தினி பேருக்கும் அடிக்குது லோகா. எனக்கு மட்டும் வழி தெரியலியா அதுக்கு?"

"இன்னாயா இப்டிப் பேசற. வரும்யா."

"வடக்கால வந்து ரெண்டரை மாசமாச்சி. ஜன்னலத் தொறந்து வெச்சினு குந்திக்கினு கீறேன். இன்னும் வரலன்னா இன்னா அர்த்தம்? இந்தக் கை ஆவாதுன்னு அதுக்கே தெரிஞ்சி போச்சி."

அன்றைக்கு அவர் கையை மடக்கவே இல்லை. மறுநாளும் இல்லை. லோகாம்பாள் தானே பிடித்து மடக்கிவிடப் பார்த்தாள். அவர் தள்ளிவிட்டார். மோதிர விரல் இன்னும் ஒரு வாரம், தூக்கத்தில் லேசாகத் துடித்தது. அப்புறம் நின்றுவிட்டது. அது துடித்ததையும் நின்றதையும் ஈரம் மட்டும்தான் பார்த்தது. அது யாரிடமும் சொல்லவில்லை.

சித்திரை வந்தது. சூடான காற்று ஜன்னல் வழியாக அறைக்குள் புகுந்தது. ஒரு நாள் காலையில் அவர், "அத்த மூடிடுமே," என்றார்.

"எத்த?"

"அந்த ஜன்னல. அனல் காத்துதான் வருது, வேற இன்னா வருது? அதப் பாத்துனே கெடந்தா பைத்தியம் புடிச்சிரும் எனக்கு."

வெயில் வராவிட்டால் போகிறது, இந்த மனிதன் ஒரு பொழுதாவது நிம்மதியாகக் கண்ணை மூடட்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஜன்னல் கதவு மழையில் உப்பிப்போய்ச் சாத்த வராது. யாரோ கழற்றிப் போட்ட பழைய பீரோ பலகை ஒன்று மொட்டைமாடியில் கிடந்தது. அதைக் கொண்டுவந்தாள். சுத்தியலும் நாலு ஆணியும் பக்கத்து வீட்டில் வாங்கினாள்.

அன்றைக்குக் காலையில்தான், கடலிலிருந்து சற்றே வடக்குத் தள்ளி எழுந்த வெயில், ஜன்னலின் வெளிக்கட்டையில் நூல் அளவுக்கு ஒரு கோடு போட்டிருந்தது. உள்ளே இருந்து பார்த்தால் தெரியாத இடம் அது. ஜன்னல் அலறியது. "தாயி, பொறு! ஒரு மாசம் பொறு! வந்துடுச்சி, வெளிய நிக்குது!"

லோகாம்பாளுக்குக் கேட்டது சுத்தியல் சத்தம் மட்டும். இடுக்குகளில் மைதாப் பசை தடவிப் பேப்பர் ஒட்டினாள். அறை இருட்டானது. விளக்கைப் போட்டாள். கட்டிலை இழுத்துப் பழைய இடத்திலேயே, ஈரச் சுவரோடு சேர்த்துப் போட்டாள்.

"வாங்க வாங்க," என்றது ஈரம்.

வைகாசியில் நூல் கை அகலமானது. ஆனியில் வெயில் முழுசாகவே வந்து சேர்ந்தது. விடிந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வடகிழக்கிலிருந்து சாய்ந்து வந்து ஜன்னல்மேல் நின்றது. நேரே உள்ளே போயிருந்தால் கட்டில் கால்மாடு வரைக்கும் போயிருக்கும். பலகையில் முட்டிக்கொண்டது.

"வீட்ல யாரும் இல்லியா? குடி மாறிட்டாங்களா?" என்று கேட்டது.

"இருக்காங்க," என்றது ஜன்னல். அதன் குரலே மாறியிருந்தது.

"அப்புறம் ஏன் அடைச்சி வெச்சிருக்காங்க?"

"நீ வருவேன்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. அதனாலதான்."

வெயிலுக்குப் புரியவில்லை. "நான் எந்த வருஷமும் வர்ற நாளுக்குத்தானே வந்திருக்கேன். ஒரு நாள்கூடத் தப்பலியே. தட்டினா திறப்பாங்களா?"

"தட்டிப் பாரு."

வெயில் தட்டியது. அதற்குத் தெரிந்த தட்டல், சூடேற்றுவதுதான். ஆனி முழுக்கத் தினமும் காலையில் வந்து, பலகையின் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தது. பலகையின் பெயிண்ட் வெடித்து உரிந்தது. பலகை பேசாத ஜாதி. அடித்த இடத்தில் அடித்தபடி நின்றது.

உள்ளே ஜெயவேலு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். இடது கை சுருங்கி நெஞ்சோடு ஒட்டிப்போயிருந்தது. சாப்பாட்டுக்கு மட்டும் வாயைத் திறந்தார். லோகாம்பாள் அவரோடு பேசிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். அப்புறம் அவளும் மாவை மட்டும் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

ஆடி முதல் தேதி அவள் தாளைக் கிழித்தாள். பழக்கம் விடாமல் வாசித்தாள். "தட்சிணாயனம் ஆரம்பம்."

சுவரைப் பார்த்தபடியே ஜெயவேலு கேட்டார். "தெக்கால போய்ட்ச்சா?"

"அப்டித்தான் போட்டுக் கீது."

"ஒரு நாள்கூட இங்க எட்டிப் பாக்காமலே போய்ட்ச்சி."

"போகல!" என்று ஜன்னல் கத்தியது. "இப்பதான் திரும்பவே ஆரம்பிச்சிருக்கு! இன்னும் ஒரு மாசத்துக்கு மேல தினமும் இங்க வரும்! இப்பக்கூட என் மேலதான் நிக்குது! யாராவது அந்தப் பலகையப் பிடுங்குங்களேன்!"

வெளியே வெயில் தன் பலம் முழுவதையும் சேர்த்துப் பலகைமேல் சாய்ந்தது.

லோகாம்பாள் கிழித்த தாளைச் சுருட்டிக்கொண்டு ஜன்னல் பக்கமாகப் போனாள். பலகையில் முழங்கை பட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டு, பலகையை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். ஜன்னல் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"யம்மாடி, இன்னா சூடு சுடுது!" என்றாள் கட்டில் பக்கம் திரும்பி. "நல்ல வேளையா, மூடி வெச்சோம்யா."