பின்பலகையில் இரண்டு எஞ்சின்கள்

ஒரு கடற்கரையில் ஒரு வள்ளம் இருந்தது. அதன் பின்பலகையில் ஒன்பது வருஷமாக ஒரே எஞ்சின். தன்னை விட்டால் அந்த வள்ளத்துக்கு நாதியில்லை என்று அதற்கு ஒரு நினைப்பு.

ஒரு நாள் வள்ளத்துக்காரன் கஸ்பார், கைக்குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி ஒரு குட்டி எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடவே அவன் மச்சான் சிலுவை, கையில் ஸ்பேனரோடு.

"பெரிசு நடுக்கடல்ல மக்கர் பண்ணினா இது நம்மளக் கரை சேர்த்துடும் மச்சான்" என்றான் கஸ்பார். "உப்புத்தண்ணி பட்டுக் கெட்டுப்போகக் கூடாது. ஒரு சாண் மேல தூக்கியே மாட்டு."

சிலுவை தலையைச் சொறிந்தான். "வள்ளம் இப்போ மணல்ல கிடக்கு. தண்ணியில எப்படி நிக்குதுன்னு பாத்துட்டு மாட்டலாமே?"

"புதுசு மச்சான். பத்திரமா இருக்கட்டும்."

பெரிய எஞ்சின் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. மக்கர் பண்ணினாவாம். ஒன்பது வருஷ உழைப்புக்கு இதுதான் மரியாதையா? இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்ல?

"யார்டா நீ?" என்று சின்னதை அதட்டியது.

"உங்களுக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கேன் அண்ணே."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லிக்கிட்டு வருவாங்க. அப்புறம் என்னைப் பழைய இரும்புக்காரன் வண்டியில ஏத்திடுவாங்க."

"எனக்கே பயமா இருக்கு அண்ணே. நீங்க ஓடுற வரைக்கும்தான் எனக்கு நிம்மதி."

பெரியது அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை.

அன்றிலிருந்து அதற்குத் தூக்கம் போயிற்று. குளிரவைக்கும் தண்ணீர் போகிற குழாயில் பாசி அடைத்து, உடம்பெல்லாம் கொதித்தது. இரண்டு தும்மல் போட்டிருந்தால் போதும், கஸ்பார் மூடியைத் திறந்து பார்த்திருப்பான். தும்மினால் சின்னவனை ஓட்ட ஆரம்பித்துவிடுவார்களே என்று அது பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது.

எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒரு மத்தியானம், பாறைத்திட்டுக்குக் கிட்டத்திலேயே அதன் மூச்சு நின்றுபோனது. காற்று வள்ளத்தைப் பாறைப் பக்கமாகத் தள்ளியது. வள்ளத்தில் கஸ்பார், சிலுவை என்று இரண்டு உயிர்.

கஸ்பார் குட்டி எஞ்சினின் கயிற்றைச் சுண்டினான். பாவம், அது உடனே கிளம்பியது. ஆனால் ஒரு சாண் உயரத்தில் மாட்டியிருந்ததால், அலை தூக்கும்போதெல்லாம் அதன் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறுங்காற்றில் சுற்றியது. வள்ளம் நகரவில்லை.

"பெரிசு இனி வெறும் பாரம்தான் மச்சான்" என்றான் கஸ்பார். "கழட்டிக் கடல்ல தள்ளிடுவோம். வள்ளம் லேசானா போயிடும்."

பெரிய எஞ்சின் ஒடுங்கிப்போனது. எதற்குப் பயந்து இத்தனை நாள் வெந்து செத்ததோ, அது வந்தேவிட்டது. இருவரும் மரைகளைத் தளர்த்தினார்கள். விளிம்பு தாழ்ந்திருக்கிற நடுப்பக்கத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவ்வளவுதான். வள்ளத்தின் பின்பக்கம் மேலே எழும்பியது. சின்னதின் விசிறி முழுசாக வெளியே வந்து வீலென்று அலறியது. பாறையில் அலை அடிக்கிற சத்தம் பக்கத்தில் கேட்டது.

"தள்ளாத மச்சான், திரும்பக் கொண்டா" என்று கத்தினான் சிலுவை. "பெரிசோட கனம்தான் சின்னதக் கொஞ்சமாவது தண்ணியில வச்சிருந்திருக்கு."

பெரியதைப் பழைய இடத்திலேயே மாட்டி, இருவரும் அதை ஒட்டி நெருக்கி உட்கார்ந்தார்கள். பின்பலகை தாழ்ந்தது. விசிறி தண்ணீரைப் பிடித்தது. பாறை மெல்ல மெல்லப் பின்னால் போயிற்று.

பெரிய எஞ்சின் சின்னதைக் கூப்பிட்டது. "என்னால இப்போ ஒண்ணும் முடியலையேடா தம்பி."

"அசையாம அப்படியே கனமா உக்காந்திருங்க அண்ணே" என்றது சின்னது, மூச்சு வாங்க. "அது ஒண்ணுதான் என்னால முடியாது."