பின்னால் வரும் பஸ்

அந்த நகர மாரத்தானில் இடம் பிடிப்பது முகூர்த்த மாதத்தில் மண்டபம் பிடிப்பது போல. பதிவு திறந்த அன்றே தீர்ந்துவிடும். தணிகாசலத்துக்கு இரண்டாவது வருஷமும் இடம் கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று.

காரணம் ஒரு பஸ். நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளக் கூட்டத்தின் வாலில் ஒரு பஸ் மெல்ல ஊர்ந்து வரும். போன வருஷம் அது தணிகாசலத்தை ஏற்றிக்கொண்டது. தெருக்காரர்கள் முதல் நாளே அவர் படம் போட்டு 'மாரத்தான் வீரரே வருக' என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். வீரர் அதற்குக் கீழே குனிந்துதான் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது. பாவம், அதன் பிறகு வெகுநாள் தன் டைல்ஸ் கடைக்குப் பின்தெரு வழியாகவே போய்வந்தார்.

இந்தத் தடவையும் பஸ்ஸில் வந்தால் இனி ஷூவைத் தொடுவதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. பெசன்ட் நகர் கடற்கரையில் அவருக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்த செலினுக்கு முப்பது. கேட்டதற்குப் பாதி பதில்தான் சொல்வாள்.

"கோச், இந்தத் தடவை பஸ் என்னைப் பிடிக்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

"போன தடவை என்ன பண்ணீங்க சார்?"

"எடுத்த எடுப்புலயே வேகமா ஓடி ரொம்ப தூரம் தள்ளிப் போயிட்டேன். அப்பவும் பயம் விடல. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே ஓடினேன். முப்பதாவது கிலோமீட்டர்ல கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. பிளாட்பாரத்துல உக்காந்துட்டேன்."

"அப்ப பஸ் எங்க இருந்துச்சு?"

"கண்ணுக்கே தெரியல. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்துச்சு."

செலின் தலையை ஆட்டினாள்.

மாரத்தான் அன்று இன்னும் விடியவில்லை. முன்வரிசைக்கு முண்டிக்கொண்டிருந்த தணிகாசலத்தை அவள் பின்னால் அழைத்துப் போனாள். கூட்டம் குறைந்தது. கடைசி ஆளையும் தாண்டி நிறுத்தினாள். பஸ்ஸின் முகப்பு விளக்கு அவர் முதுகில் அடித்தது. டிரைவர் கொட்டாவி விட்டார்.

"இங்கயா?"

"இங்கதான். நானும் கூட வரேன்."

"விளையாடாதீங்க கோச். இந்த வருஷமும் ஃப்ளெக்ஸ் அடிக்கக் குடுத்துட்டானுங்க."

"குடுக்கட்டும் சார்."

எல்லாரும் ஓடினார்கள். இவர்களும் ஓடினார்கள். பஸ்ஸும் கிளம்பியது. என்ஜின் உறுமல் காதுக்குப் பின்னாலேயே வந்தது. தணிகாசலம் செலின் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் வேகமாப் போயிடலாமா?"

"வேணாம்."

"ஒட்டிக்கிட்டே வருதே."

"நேரத்துக்குப் போய்ச் சேர்ற வேகத்துலதான் அது வருது. நீங்களும் அதே வேகத்துல போங்க."

அடையாறு பாலத்தில் அவருக்குப் பொறுக்கவில்லை. பிய்த்துக்கொண்டு ஓடினார். செலின் கூப்பிடவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. பாலத்தின் இறக்கத்தில், முன்வரிசையில் அவரை இடித்துக்கொண்டு முன்னால் போன இளைஞன் ஒருவன் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் தணிகாசலம் மெதுவாக ஓட ஆரம்பித்தார். செலின் வந்து சேர்ந்துகொண்டாள். பஸ்ஸும் வந்தது.

திருவான்மியூர் தாண்டி வெயில் ஏறியது. சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தவர்களை பஸ் நின்று நின்று ஏற்றிக்கொண்டது. கதவு திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தணிகாசலத்துக்குத் தன்னையே ஏற்றுவது போலிருந்தது. முப்பதாவது கிலோமீட்டர் பலகையைக் கண்டதும் அவர் கெண்டைக்கால் தானாகவே இறுகியது.

"கோச், பக்கத்துல வந்துடுச்சா?"

"சத்தம் எங்க கேக்குது?"

"பின்னாலதான்."

"அப்ப பின்னாலதான் இருக்கு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, உறுமலைக் கேட்டபடியே ஓடினார். அடுத்தடுத்த பலகைகளும் போயின. நொண்டினார், முனகினார், கண்ணுக்குத் தெரியாத யாரையோ திட்டினார். நிற்கவில்லை.

கடைசியில் மைதானமும் முடிவு வளைவும் கண்ணில் பட்டன. வளைவில் தொங்கிய கடிகாரத்தில் இன்னும் சில நிமிஷங்கள் மிச்சமிருந்தன. அப்போது பஸ் சத்தம் நின்றுபோயிற்று.

தணிகாசலமும் நின்றுவிட்டார்.

"கோச், சத்தம் கேக்கல."

"ஆமா சார்."

"காலையிலேர்ந்து அதுக்குப் பயந்துதான் ஓடி வந்தேன். இப்ப காலு நகர மாட்டேங்குது. அது எங்க போச்சு?"

செலின் பின்பக்கம் கையைக் காட்டினாள். சாலையின் குறுக்கே போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். பஸ் பக்கத்துத் தெருவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸுக்கு வழி அதோட முடிஞ்சிடுச்சு. இதுக்கு மேல ஓடுறவங்களை மட்டும்தான் விடுவாங்க சார்."

தணிகாசலம் ஓடத் தொடங்கியிருந்தார்.