பூவலிங்கம் காத்த கடவுச்சொல்

சட்டிக்குளத்துக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அதனாலேயே சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் அவர்களிடம் எதையும் சொல்வதற்குப் பயப்படுவார்கள்.

ஊர்க் கல்யாண மண்டபத்துக்குத் தலைவர் பூவலிங்கம். செயலாளர் தாண்டவன். மிச்சமிருந்த ஒரே உறுப்பினர் கொம்பையா. பூவலிங்கத்தின் மகள் செண்பகத்துக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அவர் மேளக்காரர்களை வைக்காமல் டவுனுக்குப் போய் ஒரு மினி கம்ப்யூட்டர் வாங்கினார். டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது.

கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். "மங்கல இசை போடும், வாசல் கேமராவைக் காட்டும், மண்டபம் என்னைக்குக் காலின்னு சொல்லும். டி.வி.க்குப் பின்னாடி மாட்டிருங்க, இடத்தையே அடைக்காது. கடவுச்சொல் மட்டும் நீங்களே போடுங்க. உங்களுக்கு மறக்கக் கூடாது, மத்தவங்களுக்குத் தோணவே கூடாது. யார் கேட்டாலும் சொல்லாதீங்க."

பூவலிங்கம் துண்டால் கையை மூடிக்கொண்டு, கடையிலேயே ஒன்றைத் தட்டிவிட்டு வந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மூன்று பேரும் மண்டபத்து டி.வி. முன்னால் நின்றார்கள்.

"டி.வி.க்குப் பின்னாடி என்னவே இருக்கு?" என்றார் பூவலிங்கம்.

"சுவரு," என்றார் தாண்டவன்.

"சுவருக்குப் பின்னாடி?"

"சமையல்கட்டு."

அப்புறம் என்ன யோசனை? சுவரில் ஓட்டை போட்டு வயரை நுழைத்து, சாம்பார் அடுப்புக்கு நேர்மேலே ஆணி அடித்துக் கம்ப்யூட்டர் பெட்டியை மாட்டினார்கள். கால் மணி நேரத்தில் பெட்டி கொதித்தது. பூவலிங்கம் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"சூடாகக் கூடாதுங்க," என்று பதறினார் கடைக்காரர். "நல்லா காத்தோட்டமா வைங்க."

"அடுப்பை அணைச்சுட்டுச் சாம்பார் வைக்க முடியுமா?" என்று சமையல்காரரிடம் விசாரித்தார் கொம்பையா. சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்ததும் பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றுவதென்று முடிவானது.

மேடைக்குப் பக்கத்து ஜன்னலில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. இரண்டு தூணுக்கு நடுவில் வேட்டியைக் கட்டித் தூளி போட்டார்கள். காற்று நுழைய வேட்டியில் பதினாறு ஓட்டை. உள்ளே கம்ப்யூட்டரைப் படுக்க வைத்து, கீபோர்டைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தார்கள். மறுநாள் காலையில் வந்த மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி, போகிற போக்கில் தூளியை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, "அழாத பிள்ளை," என்று மெச்சிவிட்டுப் போனாள்.

முகூர்த்தம் பத்தரையோடு முடிகிறது. பத்து மணிக்கு மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தாகிவிட்டது. தாண்டவன் பெட்டியை முடுக்கினார். டி.வி.யில் எழுத்து வந்தது.

"அண்ணாச்சி, கடவுச்சொல் கேக்கு."

"யாரு கேக்கா?"

"கம்ப்யூட்டர்தான்."

பூவலிங்கம் சிரித்தார். "அது என்னைச் சோதிச்சுப் பாக்குதுவே. சொல்ல முடியாதுன்னு சொல்லு."

"அது வாங்கின பொருள்தானே அண்ணாச்சி, வெளியாளா?" என்றார் கொம்பையா.

"யார் கேட்டாலும்னு கடைக்காரர் சொன்னார். கம்ப்யூட்டரைத் தவிரன்னு சொன்னாரா?"

சொல்லவில்லைதான்.

மணி பத்து பத்து. மாப்பிள்ளையின் அப்பா சுடலைக்கண்ணு எழுந்தார். தலையில் ஒரு முடி கிடையாது. கோபம் மட்டும் தலை நிறைய உண்டு. "கெட்டிமேளம் இல்லாம தாலி ஏறாது. இன்னும் பத்து நிமிஷம் பார்ப்பேன். அப்புறம் வேன் கிளம்பிரும்."

"எப்பா, அந்தச் சொல்லைச் சொல்லித் தொலைங்களேன்!" என்றாள் செண்பகம், மாலைக்குள்ளிருந்து.

"பெத்த மகளே ஆனாலும் சொல்ல மாட்டேன்மா." பூவலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பக்கம் மகள் வாழ்க்கை, ஒரு பக்கம் கொடுத்த வாக்கு. கடைக்காரரைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"ஐயா, அதுகிட்ட மட்டும் சொல்லலாம்யா!" என்று கத்தினார் கடைக்காரர். "வேற யாருக்கும் கேக்காம அதுகிட்ட மட்டும் சொல்லுங்க!"

பூவலிங்கத்துக்கு உயிர் திரும்பி வந்தது. தூளிக்குள் தலையை விட்டார். ஒரு சந்தேகம்.

"காது எந்தப் பக்கம்வே?"

கொம்பையா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சின்ன ஓட்டை, அதன் பக்கத்தில் ஹெட்போன் படம். "இதான் அண்ணாச்சி காது!"

பூவலிங்கம் துண்டால் மூடிக்கொண்டு, அந்த ஓட்டையில் வாயை வைத்து, மெல்ல ரகசியமாகச் சொன்னார். வரவேற்புரைக்காக அவர் சட்டையில் குத்தியிருந்த மைக்கை யாரும் கழற்றவில்லை.

"சொட்டைத்தலை சம்பந்தி," என்றது மண்டபத்தின் எட்டு ஸ்பீக்கரும்.

முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் சம்பந்தியின் தலையைப் பார்த்தார்கள். சுடலைக்கண்ணு தன் தலையைத் தடவிப் பார்த்தார். செண்பகம் தாமதிக்கவே இல்லை. மாலையோடு எழுந்து ஓடி, கீபோர்டில் மடமடவென்று அந்தச் சொல்லைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். கெட்டிமேளம் வெடித்தது. சுடலைக்கண்ணு கையை நீட்டி நீட்டி வாய்க்கு வந்தபடி ஏசினார். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் மனம் உருகி வாழ்த்துகிறார் என்று நினைத்து எல்லாரும் அவர் மேலும் அட்சதை போட்டார்கள். ஒரு அரிசிகூட அந்தத் தலையில் நிற்கவில்லை. அந்த மூச்சிலேயே தாலி ஏறிவிட்டது.

மேளம் நின்றதும் சம்பந்தி பூவலிங்கத்தின் சட்டையைப் பிடித்தார். தாண்டவன் நடுவில் புகுந்து மறுபடியும் கடைக்காரருக்குப் போன் போட்டார். "கடவுச்சொல் ஊருக்கே தெரிஞ்சு போச்சு, என்ன செய்ய?"

"உடனே மாத்திருங்க. பழசு இனிமே செல்லாதுன்னு ஆகிரும்," என்றார் கடைக்காரர்.

செல்லாது என்றால் ஊருக்குத் தெரிய வேண்டாமா? பூவலிங்கம், சட்டையைப் பிடித்திருந்த சம்பந்தியையும் இழுத்துக்கொண்டு மேடையேறி மைக்கைத் தட்டினார்.

"பெரியோர்களே, சற்று முன்னால் நீங்கள் கேட்ட கடவுச்சொல் இந்த நிமிஷத்தோடு செல்லாது. சம்பந்தியின் மனம் கோணாதபடி புதுச் சொல் போட்டிருக்கோம். 'சுருட்டைமுடி சம்பந்தி'. இது ரகசியம். யாரும் கேட்டிருக்கக் கூடாது."

"சத்தியமாக் கேக்கல!" என்றது முந்நூறு பேரின் குரல்.

சுடலைக்கண்ணு சட்டையை விட்டார். முகம் மலர்ந்துவிட்டது. பூவலிங்கத்தின் தோளில் கை போட்டு, பந்தி நடக்கிற பக்கம் அழைத்துப் போனார்.

"அங்கே சாப்பிட்டுக்கிட்டு இருக்கவங்களுக்கு அந்த ரகசியம் சரியாக் கேட்டிருக்காது சம்பந்தி. இன்னொரு தடவை சத்தமாச் சொல்லிருங்க."